எனக்கு ஃபிட்ஸ் இல்லை சார்!

தாம்பரத்தில் பஸ் ஏறும்போது மழை. முடிச்சூரில் சுள்ளென்று வெயில். மண்ணிவாக்கத்தில் மறுபடி மழை. கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொல்வதும், புழுங்குகிறதே என்று ஜனங்கள் ஏற்றுவதும், அவர் திரும்ப இறக்கச் சொல்வதுமாக பஸ்ஸுக்குள் ஒரு தேகப்பயிற்சி வகுப்பே நடந்துகொண்டிருந்தது.

‘‘இன்னிக்கு விட்டு விட்டுத்தான் பேயும் போல’’ என்றார் முன் சீட்டுப் பாட்டி.

ஒரகடத்தில் ஒரு கிரகப்பிரவேசம். கையில் எவர்சில்வர் பாத்திரப் பொட்டலமும் ஒரு இங்கிலீஷ் பேப்பருமாக நான். பக்கத்து சீட்டில் ஒரு தம்பி. இருபத்தைந்து வயசிருக்கும். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். அது நனையாமல் இருக்க அதன் மேல் தன் கர்ச்சீப்பை விரித்திருந்தார். தலையில் சொட்டிய தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. ஃபைல்தான் முக்கியம்.

என் பேப்பரையும் என்னையும் நாலு தடவை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘‘சார், இங்கிலீஷ்ல ஒரு சந்தேகம் கேக்கலாமா?’’ என்றார்.

இங்கிலீஷ் பேப்பர் கையில் இருந்தாலே இந்த ஆபத்து உண்டு. ‘‘கேளுங்க தம்பி.’’

‘‘ ‘ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’னா என்ன சார்?’’

கதை இதுதான். தம்பிக்குச் செய்யாறு பக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஏழு வருஷத்தில் நாலு கம்பெனி. போன வாரம் ஐந்தாவதாக ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. (பெயர் வேண்டாம், பாவம். அவருக்கு இன்னும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது.) மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு, ‘‘யுவர் கேரியர் ஹாஸ் பீன் இன் ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’’ என்று சொல்லியிருக்கிறார்.

தம்பியின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. ஃபிட்ஸ்!

வலிப்பு உள்ளவனை மெஷின் பக்கத்தில் விடமாட்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அலறிவிட்டார். ‘‘நோ ஃபிட்ஸ் சார்! ஐ ஆம் ஃபிட்டர் சார்! மெடிக்கல் ஃபிட்னஸ் ஹியர் சார்!’’ என்று டாக்டர் சர்ட்டிஃபிகேட்டை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறார்.

மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள்.

‘‘நானும் சேர்ந்து சிரிச்சேன் சார். எதுக்குன்னு தெரியாமலே.’’

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வாக்கியத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி புரிந்துகொண்டது ஒரேயடியாகத் தப்பும் இல்லை. கொஞ்ச நேரம் வந்து ஆட்டிவைத்துவிட்டுப் போகிற எதுவும் அந்த ‘ஃபிட்’தான். இருமல் ஒரு ஃபிட். கோபம் ஒரு ஃபிட். அடக்க முடியாத சிரிப்பு ஒரு ஃபிட். வலிப்பும் அந்த வகையறா என்பதால்தான் நம் டாக்டர்கள் அதை ‘ஃபிட்ஸ்’ என்கிறார்கள். ‘ஸ்டார்ட்’ என்றால் ஆரம்பம் என்று நினைத்தால் அங்கேயும் வழுக்கும். நல்ல தூக்கத்தில் யாராவது கதவைத் தட்டினால் தூக்கிவாரிப் போடுகிறதே, அதுதான் இந்த ஸ்டார்ட். ‘ஸ்டார்ட்டில்’ என்ற வார்த்தை அதற்குத் தங்கை. ஆக, ஒரு இழுப்பு, ஒரு துள்ளல், அப்புறம் சும்மா; மறுபடி ஒரு இழுப்பு... வெள்ளைக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

‘‘நம்ம ‘விட்டு விட்டு’தானே சார்?’’

தம்பி விவரமானவர். கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து டிரைவர் வைப்பரை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அது இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தது. நின்றது. படப்பை சிக்னலில் தானாகவே ஒரு தடவை துடைத்தது. ‘‘அதோ பாருங்க தம்பி, அதுதான் ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’’ என்றேன். ஏன் ஓடுகிறது, எப்போது நிற்கும் என்று டிரைவருக்கும் தெரியாது, வைப்பருக்கும் தெரியாது.

இதே ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் செய்கிற கார்களில் வேறு மாதிரி வைப்பர் உண்டு. தூறலுக்கு ஏற்றபடி லீவரை ஒரு கட்டம் தள்ளினால் ஒரு துடைப்பு, நாலு விநாடி சும்மா, ஒரு துடைப்பு, நாலு விநாடி சும்மா. இதுவும் விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறது. ஆனால் இதை ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ் என்று எந்த இங்கிலீஷ்காரனும் சொல்லமாட்டான். ‘இன்டர்மிட்டன்ட்’ என்பான். அடுத்த துடைப்பு எப்போது வரும் என்று நமக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம். நம் பழைய வைத்தியர்கள் ‘முறைக்காய்ச்சல்’ என்றார்களே, மலேரியாவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் வருவது, அதுவும் இந்த ஜாதி. காய்ச்சலுக்கே ஒரு முறை இருக்கிறது!

இந்த வைப்பருக்கு ஒரு கதை உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராபர்ட் கெர்ன்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு இன்ஜினீயரிங் புரொஃபசர். 1953ல் கல்யாணத்தன்று ராத்திரி ஷாம்பெயின் பாட்டிலைத் திறக்க, கார்க் தெறித்து இடது கண்ணில் அடித்தது. அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. பிற்பாடு மழையில் கார் ஓட்டும்போது யோசித்தார். கண் இமை ஓயாமலா அடித்துக்கொள்கிறது? விட்டு விட்டுத்தானே! வைப்பரும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? ஒரு கெப்பாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் நிரம்பி, நிரம்பியதும் வைப்பரைத் தள்ளிவிடுகிற மாதிரி சர்க்யூட் போட்டு, 1967ல் பேட்டன்ட்டும் வாங்கினார். ஃபோர்டு கம்பெனிக்குக் காட்டினார். பிறகு அவர்கள் கார்களில் அந்த மாதிரி வைப்பர் வந்தது. அவருக்குப் பணம் வரவில்லை. கேஸ் போட்டார். வருஷக்கணக்கில் இழுத்து, 1990ல் ஃபோர்டு அவருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்துக்கொண்டது. அதற்குள் மனிதருக்குக் குடும்பம் பிரிந்துவிட்டது. வைப்பருக்கு வந்த முறை அவர் வாழ்க்கைக்கு வரவில்லை.

‘‘ஃபோர்டா? நம்ம மறைமலைநகர் ஃபோர்டா சார்?’’ என்றார் தம்பி.

அதே ஃபோர்டுதான். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டில் போய் இடது பக்கம் திரும்பினால் அந்த ஃபேக்டரி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போகிறோம் என்றார்கள். 2022 ஜூலையில் மறைமலைநகரின் கடைசி கார் வெளியே வந்தது. அவ்வளவுதான் என்று எல்லாரும் தலைமுழுகிய பிறகு, 2024 செப்டம்பரில் ‘திரும்ப வருகிறோம்’ என்று கடிதம். 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். காருக்கு அல்ல, இன்ஜினுக்கு. உற்பத்தி 2029ல் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நடுவே வேறு வேலை தேடிப் போனவர்கள் பயோடேட்டாவில் இந்த வருஷங்களுக்கு என்ன பெயர் போடுவார்கள்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா இன்னும் பெரிய கதை. 2006ல் ஆரம்பித்தது. ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய செல்போன் ஃபேக்டரிகளில் ஒன்று. சுமார் 8,000 பேர், பெரும்பாலும் வயசுப் பெண்கள். வரித் தகராறில் மாட்டிக்கொண்டதால் 2014ல் நோக்கியாவின் போன் பிசினஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஃபேக்டரி மட்டும் கணக்கில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ந் தேதி உற்பத்தி நின்றது. அதற்குச் சாமான் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபாக்ஸ்கானும் அடுத்த மாதமே நிறுத்தியது. ஐந்து வருஷம் கழித்து, சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி நோக்கியா கட்டிடத்தை எடுத்துக்கொள்கிறது என்ற செய்தி வந்தது. ஃபாக்ஸ்கானோ திரும்பி வந்து 2019ல் ஐபோனே செய்ய ஆரம்பித்துவிட்டது. கட்டிடத்துக்கு ஐந்து வருஷம் ஒன்றுமில்லை. பெருக்கி, பெயின்ட் அடித்தால் போதும். பத்தொன்பது வயசில் சேர்ந்த பெண்ணுக்கு ஐந்து வருஷம் என்பது வேறு கணக்கு.

தமிழில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ‘விட்டு விட்டு’ என்பதை இலக்கண வாத்தியார் அடுக்குத்தொடர் என்பார். மழை விட்டது என்றால் நின்றது. ஆக, ‘விட்டு விட்டுப் பெய்கிறது’ என்கிறபோது நாம் முதலில் சொல்வது மழையை அல்ல, மழை நின்ற நேரத்தை! இங்கிலீஷ்காரன் துள்ளலை எண்ணுகிறான். நாம் இடைவெளியை எண்ணுகிறோம். (அபூர்வமாக நடப்பதை ‘ஆடிக்கு ஒருநாள், அமாவாசைக்கு ஒருநாள்’ என்போம். ஆடி வருஷத்துக்கு ஒன்று, அமாவாசை மாதத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை உதைக்கிறது.)

அதே ‘விட்டு’ இந்த ரோட்டில் இன்னொரு வேலையும் பார்க்கிறது. சாயந்திரம் டீக்கடையில் ‘‘கம்பெனி விட்டாச்சா?’’ என்று கேட்டால் ஷிஃப்ட் முடிந்ததா என்று அர்த்தம். ‘‘கம்பெனி விட்டுட்டாங்களா?’’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் அர்த்தமே வேறு. கேட்கிறவர் வீட்டு ஓனராக இருந்தால் அடுத்த கேள்வி வாடகை.

நான் இப்படி ரசித்துக்கொண்டிருக்க, தம்பி ஃபைலைத் திறந்து பயோடேட்டாவை நீட்டினார். ஒரே பக்கம். 2018ல் ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருஷம் அப்ரண்டிஸ். அது முடிந்தது 2019 ஆகஸ்ட்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மாதம் நாடு முழுவதும் கார், வேன் விற்பனை முந்தின ஆகஸ்ட்டைவிட 31 சதவிகிதத்துக்கு மேல் விழுந்திருந்தது. கார் கம்பெனிகளே ‘உற்பத்தி இல்லா நாள்’ என்று கேலண்டரில் குறித்து லீவு விட்டுக்கொண்டிருந்தன. அப்ரண்டிஸ் முடித்த பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

இரண்டாவது வேலை 2020 பிப்ரவரி. ஆறாவது வாரம் லாக்டவுன். மூன்றாவது, 2021. உலகம் பூராவும் சிப்புக்குத் தட்டுப்பாடு. நகத்தளவு சமாசாரம், அது வராததால் கார் வெளியே போகவில்லை. கார் போகாததால் தம்பி வேலை செய்த உதிரிபாகக் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி... ‘‘ஒன்னுல நான் இல்ல சார்.’’ இந்தப் பக்கம் யாரும் மாசக்கணக்கில் சாமான் வாங்கி அடுக்கிவைப்பதில்லை. காலையில் வருகிற லாரியில் இருப்பதுதான் மத்தியானம் லைனில் ஓடும். சீராக ஓடும்வரை அழகு. எங்கோ ஒரு ஊரில் ஒருத்தர் தும்மினால் இங்கே செய்யாறு பையனுக்கு லீவு. நாலாவது, கான்ட்ராக்டில் பதினொரு மாதம். புதுப்பிக்கவில்லை.

பயோடேட்டாவில் வேலை செய்த மாதங்கள் மட்டும்தான் இருந்தன. நின்ற மாதங்களுக்குக் காரணம் எழுத இடம் இல்லை. அந்த இன்டர்வியூ ஆபீசர் பார்த்தது ஓட்டைகளை. ஓட்டை போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த மூன்று வருஷங்களும் அவரும் இதே ரோட்டில் இருந்திருப்பார்.

எல்லா நிறுத்தத்தையும் ஒரே கூடையில் போடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சுங்குவார்சத்திரம் சாம்சங்கில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் ஸ்டிரைக் நடந்தது. சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி, சம்பளம் கேட்டு. அதை ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ் என்றால் தப்பு. யோசித்து, நாள் குறித்து, தெரிந்தே அணைத்த ஸ்விட்ச் அது. 2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில் ஹூண்டாய், ரெனோ-நிஸ்ஸான் இரண்டும் சில நாள் மூடியதற்கும் தொழிலாளர்கள் ‘உயிர் முக்கியம்’ என்று சொன்னதுதான் காரணம். அதே வருஷம் டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டில் 159 பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போக, சக பெண்கள் பெங்களூர் ஹைவேயில் உட்கார்ந்தார்கள். ஃபாக்ஸ்கான் மூடி, 2022 ஜனவரி 12ந் தேதி திறந்தது. ‘ஆன் அண்ட் ஆஃப்’ என்றால் ஸ்விட்ச் யார் கையில் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

‘‘சட்டத்துல இதுக்கு ஒன்னும் இல்லையா சார்?’’

இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ‘தொடர்ச்சியான பணி’ என்றால் என்ன என்று 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டம் விளக்கம் சொன்னது. உடம்பு சரியில்லாமல் நின்றது, அனுமதித்த லீவு, விபத்து, சட்டப்படியான ஸ்டிரைக், லாக்அவுட், தொழிலாளியின் தப்பில்லாமல் வேலை நின்றது... இதெல்லாம் நடுவில் வந்தாலும் அது தொடர்ச்சிதான்! அதாவது, விட்டு விட்டு நடந்தாலும் விடாமல் நடந்ததாக அர்த்தம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் இந்த விளக்கம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு வருஷக் கணக்கு. லே-ஆஃப் செய்தால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி.

தம்பியின் முகம் மலர்ந்தது. அதை நானே வாட வைக்கவேண்டியிருந்தது. இதெல்லாம் ஒரே முதலாளியிடம், அவர் மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவருக்கு. அன்றாடம் கூப்பிட்டு அன்றாடம் அனுப்புகிற கேஷுவலுக்கும், ஒருத்தருக்குப் பதிலாக வருகிற பதிலிக்கும் லே-ஆஃப் சம்பளம் கிடையாது. அப்ரண்டிஸ் என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளியே இல்லை, பயிற்சி பெறுகிறவர். கான்ட்ராக்டில் போனால் முதலாளி கான்ட்ராக்டர். அவர் மாறினால் கணக்கு முதலிலிருந்து. ஏழு வருஷத்தில் நாலு கேட்டுக்குள் போய் வந்தவருக்கு இந்த அருமையான விளக்கத்தால் பைசாப் பிரயோசனம் இல்லை.

‘‘எங்கம்மா பொண்ணு பாக்குறாங்க சார். பொண்ணு வீட்ல ‘பையனுக்கு நிரந்தர வேலையா?’ன்னு கேக்குறாங்க. எங்கம்மா ‘விட்டு விட்டு, ஆனா போய்க்கினேதான் இருக்கான்’னு சொல்லிச்சாம்.’’

அந்த அம்மாவுக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது.

பஸ் ஒரகடம் மேம்பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பிக்கு அன்று இன்னொரு இன்டர்வியூ. இந்தத் தடவை அதே கேள்வி வந்தால்? என் பேப்பரின் ஓரத்தைக் கிழித்து, தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். ‘த லைன் ஸ்டாப்டு, சார். ஐ டிட் நாட்.’ லைன்தான் நின்றது, நான் நிற்கவில்லை. நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். முன் சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்தார். அவருக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும். இதோடு 2019, 2020, 2021க்கு எதிரே ஒவ்வொரு வரி காரணமும் எழுதச் சொன்னேன். ஃபைலில் இருந்த பால்பாயின்ட் பேனா நனைந்திருந்தது. என் பேனாவைக் கொடுத்தேன். பஸ் குலுங்கலில் எழுத்து கோணல்மாணலாக வந்தது.

இறங்குவதற்கு எழுந்தவர், படியில் நின்று ஒரு சந்தேகம் கேட்டார்.

‘‘சார், சும்மா பேசறப்ப ‘ஆன் அண்ட் ஆஃப்’னு சொல்லணுமா, ‘ஆஃப் அண்ட் ஆன்’னு சொல்லணுமா?’’

இரண்டும் ஒன்றுதான் என்றேன். ‘ஆஃப் அண்ட் ஆன்’ என்று கப்பல்காரர்கள்கூடச் சொல்வார்கள். கரையை நோக்கிக் கொஞ்சம், கடலை நோக்கிக் கொஞ்சம் என்று மாறி மாறி ஓட்டிக்கொண்டு, உள்ளே வர நேரம் பார்த்துக் காத்திருப்பது. இஷ்டம்போலச் சொல்லலாம்.

‘‘அப்ப ‘ஆஃப் அண்ட் ஆன்’னே சொல்லிக்கிறேன் சார். ஆன்ல முடியுது.’’

ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். என் பேனாவோடு. கண்டக்டர் மறுபடி ஷட்டரை இறக்கச் சொன்னார்.